காமிராவுக்குக் கழுத்துத் தந்த கார்ல் ஏக்லி

ஒரு படம் நன்றாக அமைந்துவிட்டால் நாம் காமிராவைப் பாராட்டுகிறோம், லென்சைப் பாராட்டுகிறோம், படம் பிடித்தவரின் கண்ணையும் கையையும் பாராட்டுகிறோம். அடியில் மூன்று கால்களை ஊன்றிக்கொண்டு அந்தக் காமிராவைச் சுமந்து நின்ற தாங்கியைப் பற்றி எவரும் ஒரு சொல் கேட்பதில்லை. கோபுரத்தைப் பார்ப்பவர் அதன் கடைக்காலைப் பார்ப்பதில்லை அன்றோ? ஆனால் வீடியோ எடுத்துப் பழகியவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். பறக்கும் கொக்கைத் தொடர்ந்து காமிராவைத் திருப்பும்போது படம் வெட்டி வெட்டி இழுத்தால், அந்தக் குற்றம் பெரும்பாலும் காமிராவினுடையது அன்று. அதற்குக் கீழே இருக்கும் தலையினுடையது.

டிரைபாட் என்று நாம் வழங்கும் முக்காலித் தாங்கிக்கு இரண்டு பகுதிகள் உண்டு. தரையில் நிற்பவை கால்கள். கால்களுக்கும் காமிராவுக்கும் இடையில் அமர்ந்து, காமிராவைப் பக்கவாட்டில் திருப்பவும் மேலும் கீழும் சாய்க்கவும் இடம் கொடுப்பது ஹெட் எனப்படும் தலை. பெயர்தான் தலை, அது செய்வதோ கழுத்தின் வேலை. ஓடும் குதிரையை நாம் பார்க்கும்போது நம் கழுத்து எவ்வளவு இயல்பாக, அதிர்வின்றித் திரும்புகிறது! அப்படி ஒரு கழுத்து திரைப்படக் காமிராவுக்குத் தொடக்கத்தில் வாய்க்கவில்லை. அதை அமைத்துத் தந்தவர்களுள் முதன்மையானவர் கார்ல் ஏக்லி என்ற அமெரிக்கர். அவர் திரைப்படத் துறையைச் சேர்ந்தவர் அல்லர். இறந்த விலங்குகளைப் பாடம் செய்து அருங்காட்சியகத்தில் நிறுத்துபவர்! விலங்கியல் மாணவனான எனக்கு அவர் முதலில் யானைகளின் வழியாகத்தான் அறிமுகமானார். பறவைகளைப் படம் பிடிக்கும் ஆசை வந்து, டிரைபாட் வாங்கக் கடை கடையாக ஏறி இறங்கிய காலத்தில்தான் அவருடைய மற்றொரு முகம் எனக்குத் தெரிய வந்தது.

ஏக்லி 1864ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தில் கிளாரெண்டன் என்னும் சிற்றூரில், ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. பறவைகளைப் பாடம் செய்வதில் சிறு வயதிலேயே பித்து. 19 வயதில் ராச்செஸ்டர் நகரத்தில் வார்டு என்பவர் நடத்திய நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அக்காலத்தில் அமெரிக்க அருங்காட்சியகங்களுக்கு விலங்குகளைப் பாடம் செய்து அனுப்பிய பெரிய பட்டறை அது. உலகமெங்கும் புகழ் பெற்றிருந்த ஜம்போ என்ற சர்க்கஸ் யானை 1885இல் கனடாவில் இரயிலில் அடிபட்டு இறந்தபோது, அதைப் பாடம் செய்யும் பொறுப்பு அந்தப் பட்டறைக்கு வந்தது. அந்த வேலையில் பெரும்பங்கு ஏற்றவர்களுள் இளைஞர் ஏக்லியும் ஒருவர்.

அந்நாளில் பாடம் செய்வது என்றால், தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தைப்பது என்றே பொருள். வேங்கையும் பூனையும் ஒரே மூட்டை போல நிற்கும். ஏக்லி இதை அடியோடு மாற்றினார். விலங்கின் எலும்பையும் தசையையும் அளந்து, முதலில் களிமண்ணில் அதன் உடலைச் சிற்பமாக வடித்தார். அதிலிருந்து அச்செடுத்து, கனமில்லாத வெற்றுடல் ஒன்றைச் செய்து, அதன்மேல் தோலைப் போர்த்தினார். 1890இல் மில்வாக்கி அருங்காட்சியகத்தில் நீரெலிக் குடும்பம் ஒன்றை அதன் குளம், நாணல், வளை ஆகியவற்றோடு சேர்த்து அவர் அமைத்த காட்சி இன்றும் அங்கே இருக்கிறது. பின்னர் சிகாகோ சென்றார். 1896இல் முதன்முறையாக ஆப்பிரிக்கா போனார்.

அந்தப் பயணத்தில் சோமாலி நாட்டில் ஒரு சிறுத்தை அவர்மேல் பாய்ந்ததும், துப்பாக்கி கைக்கு எட்டாத நிலையில் வெறுங்கையாலேயே அதை அவர் கொன்றதும் பலமுறை எழுதப்பட்ட கதை. ஏக்லி என்றாலே இந்த ஒரு கதையைச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது அவ்வளவு பெரிதாகப் படவில்லை. ஒரு கட்டடத்தின் சுவரில் காரை உதிர்வதைப் பார்த்துவிட்டு, காற்றழுத்தத்தால் சிமெண்டுக் கலவையைச் சுவரில் பீய்ச்சும் பொறியை 1907 வாக்கில் அவர் உருவாக்கினாரே, அதுதான் எனக்கு வியப்பு. சுரங்கப் பாதைகளிலும் அணைகளிலும் இன்று சிமெண்டுக் கலவையைப் பீய்ச்சிப் பூசும் முறை அந்தப் பொறியிலிருந்து வளர்ந்ததுதான். எதைக் கண்டாலும் இது ஏன் இப்படி இருக்க வேண்டும் என்று கேட்கும் மூளை அவருடையது. அந்த மூளைதான் பின்னால் முக்காலியின் பக்கம் திரும்பியது.

1909இல் நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக யானைகளைத் திரட்ட மீண்டும் ஆப்பிரிக்கா சென்றார். 1910இல் கென்யா மலைச் சரிவில் ஓர் ஆண் யானை அவரைத் தாக்கியது. இரண்டு தந்தங்களுக்கும் இடையில் சிக்கித் தரையோடு நசுக்கப்பட்டார். தந்தங்கள் மண்ணுக்குள் ஏதோ கடினமான பொருளில் முட்டி நின்றதால் உயிர் தப்பினார். முகமும் விலா எலும்புகளும் சிதைந்தன. இறந்துவிட்டார் என்றே உடனிருந்தவர்கள் எண்ணினர். அவர் மனைவி டீலியா செய்தி அறிந்து காட்டு வழியே வந்து அவரை மீட்டார். படுக்கையில் கிடந்த நாள்களில்தான் ஆப்பிரிக்க விலங்குகளுக்கென்று ஒரு மாபெரும் மண்டபம் கட்ட வேண்டும் என்ற கனவு அவர் உள்ளத்தில் உருவாயிற்று.

இதே பயணத்தில் நிகழ்ந்த இன்னொரு தோல்விதான் நம் கதைக்கு இன்றியமையாதது. நந்தி என்னும் இனத்து வீரர்கள் ஈட்டியும் கேடயமும் மட்டும் கொண்டு சிங்கத்தைச் சுற்றி வளைத்து எதிர்கொள்வார்கள். அதைத் திரைப்படமாக எடுக்க ஏக்லி விரும்பினார். காமிராவும் இருந்தது, வீரர்களும் இருந்தார்கள், சிங்கமும் வந்தது. ஆனால் அவர் விரும்பிய படம் மட்டும் கிடைக்கவில்லை.

ஏன்? அக்காலத்துக் காமிராவில் மோட்டார் கிடையாது. பக்கத்தில் உள்ள கைப்பிடியை வினாடிக்கு இரண்டு சுற்று என்ற கணக்கில் ஒரே சீராகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காமிராவைப் பக்கவாட்டில் திருப்ப முக்காலித் தலையில் இன்னொரு கைப்பிடி. மேலும் கீழும் சாய்க்க மற்றொன்று. ஆக, சுற்ற வேண்டிய கைப்பிடிகள் மூன்று. மனிதனுக்கோ இரண்டே கைகள்! நாற்காலியில் அமர்ந்து பேசும் தலைவரைப் படம் பிடிக்க அது போதும். புல்லுக்குள்ளிருந்து பாய்ந்து, இடப்பக்கம் வெட்டித் திரும்பி, ஒரே தாவலில் மேலெழும் சிங்கத்தைத் தொடர்வது எப்படி? கைப்பிடியைத் தேடிப் பிடிப்பதற்குள் சிங்கம் சட்டத்துக்கு வெளியே போய்விடும். துப்பாக்கியைக் குறிவைப்பது போல அவ்வளவு எளிதாகக் காமிராவையும் திருப்ப முடிய வேண்டும் என்று ஏக்லி அப்போது உறுதி கொண்டார்.

நாடு திரும்பியதும் 1911இல் தம் பெயரிலேயே ஒரு காமிரா நிறுவனத்தைத் தொடங்கினார். 1915இல் காப்புரிமை கிடைத்தது. வட்டமான தட்டு போன்ற வடிவம். அதனால் தோசைக் காமிரா என்று சொல்லும்படியான செல்லப் பெயர் ஒன்று அமெரிக்கர்களிடையே அதற்கு வழங்கலாயிற்று. காமிராவை எவ்வளவு சாய்த்தாலும் பார்க்கும் கண்ணாடி மட்டும் நம் கண்ணுக்கு நேராகவே நிற்கும். காட்டு நிழலிலும் படம் விழும்படி ஷட்டரின் திறப்பு அகலமாக அமைந்திருந்தது. இவையெல்லாம் சிறப்புகள்தாம். ஆயினும் அதன் உயிர் அடியில் இருந்த தலையில்தான் இருந்தது. ஒரே ஒரு கைப்பிடி. அதை இடக்கையால் பிடித்து, பக்கவாட்டிலோ மேலாகவோ சாய்வாகவோ எப்படி வேண்டுமானாலும் நகர்த்தலாம். வலக்கை பிலிமைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

கைப்பிடியை நேரடியாக நகர்த்தினால் கை நடுக்கம் அப்படியே படத்தில் ஏறிவிடுமே, அதற்கு என்ன செய்தார்? தலைக்குள் பல்சக்கரங்களை அமைத்து, அவற்றோடு ஃபிளைவீல் எனப்படும் சிறிய கனத்த சக்கரங்களை இணைத்தார். கைப்பிடி சிறிது நகர்ந்தால் உள்ளே அந்தச் சக்கரங்கள் மிக வேகமாகச் சுழலும். வேகம் பிடித்த சக்கரம் திடீர் மாற்றத்தை எளிதில் ஏற்காது. இது நாம் இயற்பியலில் படிக்கும் நிலைமம். தையல் மிஷினில் காலை எடுத்த பின்னும் சக்கரம் சிறிது சுற்றுகிறதல்லவா, அதே குணம். கையின் வெட்டையும் குலுக்கலையும் சக்கரம் விழுங்கிவிடும். வழவழப்பான நகர்வு மட்டும் காமிராவைச் சென்று சேரும்.

முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையின் சிக்னல் பிரிவு இந்தக் காமிராவை எடுத்துச் சென்றது. ராபர்ட் ஃபிளாஹர்ட்டி 1920இல் எஸ்கிமோ மக்கள் என அந்நாளில் அழைக்கப்பட்ட இனுயிட் மக்களைப் படமெடுக்க ஹட்சன் வளைகுடாப் பகுதிக்குப் புறப்பட்டபோது இரண்டு ஏக்லி காமிராக்களைக் கொண்டு சென்றார். எண்ணெய்க்கும் கிரீசுக்கும் பதிலாகக் கிராஃபைட் தூளால் இயங்கியதால் அந்தக் கடுங்குளிரிலும் அவை உறைந்து நிற்கவில்லை. 1922இல் வெளிவந்த நானூக் என்ற அந்தப் படம் ஆவணப்பட வரலாற்றின் முதல் பக்கங்களில் இடம் பெற்றுவிட்டது. புகைப்படக் கலைஞர் பால் ஸ்ட்ராண்ட் அதே ஆண்டு ஒன்றை வாங்கி, அதைக் கொண்டே பல ஆண்டுகள் பிழைப்பு நடத்தினார். ஹாலிவுட்டில் குதிரைப் பாய்ச்சல், தேரோட்டம், விமானச் சண்டை என்று வந்தால் ஏக்லி காமிராமேன் என்று தனியே ஒருவரை அழைக்கும் வழக்கமே உண்டாயிற்று. முக்காலித் தலையைத் திருப்பத் தெரிந்ததற்காகவே ஒருவருக்குத் தனி மதிப்பு! இன்று நம்மிடையே அப்படி யாரையாவது அழைக்கிறோமா?

இனி, நாம் இன்று வாங்கும் தலையைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். ஃபிளைவீலுக்கு ஒரு குறை உண்டு. புறப்பட்ட சக்கரம் நிற்கவும் தயங்கும். நாம் நிறுத்த நினைத்த இடத்தைச் சற்றுத் தாண்டிவிட முயலும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வேறொரு வழி வலுப்பெற்றது. ஆஸ்திரேலியாவில் எரிக் மில்லர் 1946இல் திரவம் நிரப்பிய தலைக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் சாட்வெல் ஓ'கானர் என்ற பொறியாளர், ஓடும் நீராவி இரயில்களைப் படமெடுக்கும் ஆசையால் அத்தகைய தலை ஒன்றைத் தாமே செய்துகொண்டார். டிஸ்னி நிறுவனம் தன் இயற்கைப் படங்களுக்கு அதைப் பயன்படுத்தியது. ஃபுளூயிட் ஹெட் என்று கடையில் கேட்கிறோமே, அது இந்த வழியில் வந்தது. நெருக்கமாக அமைந்த தகடுகளுக்கிடையே பிசுபிசுப்பான திரவம் இருக்கும். தேனுக்குள் கரண்டியை மெல்ல நகர்த்தினால் எளிதாகப் போகும். வேகமாக இழுத்தால் எதிர்க்கும். கையை எடுத்தால் அங்கேயே நிற்கும். ஃபிளைவீல் வேக மாற்றத்தை எதிர்க்கிறது. திரவம் வேகத்தையே எதிர்க்கிறது. இந்த வேறுபாடு விளங்கிவிட்டால் கடைக்காரரின் பேச்சில் பாதி தேவையில்லை.

விலை குறைந்த பல தாங்கிகளில் ஃபுளூயிட் என்று எழுதியிருக்கும். உள்ளே கொஞ்சம் கிரீசு மட்டுமே இருக்கும். கண்டுபிடிப்பது எளிது. நம் காமிராவைக் கடைக்கே எடுத்துச் சென்று பொருத்த வேண்டும். கைப்பிடியை ஒரே விரலால் மெல்லத் தள்ளிப் பார்க்க வேண்டும். முதலில் ஒட்டிக்கொண்டு பிறகு திடுக்கென்று விடுபட்டால் அது வேண்டாம். திருப்பி நிறுத்தியபின் காமிரா சிறிது பின்வாங்கினாலும் வேண்டாம். பூட்டுகளைத் தளர்த்திவிட்டுக் காமிராவை முன்புறம் பாதி சாய்த்துக் கையை எடுக்க வேண்டும். மூக்குக் குப்புற விழாமலும் தானே நிமிராமலும் சாய்த்த இடத்தில் நின்றால், உள்ளே உள்ள எதிரெடை வில் நம் காமிராவின் எடைக்குப் பொருந்துகிறது என்று பொருள். எவ்வளவு எடை தாங்கும் என்பதை மட்டும் கேட்டு வாங்குபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 8 கிலோ தாங்கும் தலையில் ஒரு கிலோக் காமிராவை வைத்தால், அந்த வில்லின் அளவைக் குறைக்க வழியில்லாதபோது, சாய்த்த காமிரா தானே எழுந்து நிற்கும். காமிரா, லென்ஸ், மைக், பாட்டரி எல்லாம் சேர்ந்த எடை அந்தத் தலைக்குக் குறிக்கப்பட்ட வரம்பின் நடுப்பகுதியில் விழுவது நல்லது.

கால்களையும் விட்டுவிடக் கூடாது. உச்சியைப் பிடித்து முறுக்கிப் பார்த்தால் மெலிந்த கால்கள் துணி பிழிவது போலத் திருகும். அதன்மேல் எவ்வளவு நல்ல தலையை வைத்தும் பயனில்லை. கிண்ணம் போன்ற உச்சி உடையதாக இருந்தால், மேடு பள்ளமான தரையில் ஒவ்வொரு காலையும் நீட்டிக் குறுக்கிக்கொண்டிராமல், தலையை மட்டும் அசைத்து மட்டம் பார்த்துவிடலாம். நடுத்தண்டை உயரத் தூக்கிப் படமெடுப்பது மூன்று காலை ஒற்றைக் காலாக்கும் வேலை. பணம் குறைவாக இருந்தால் காமிராவில் சிக்கனம் செய்து தாங்கியில் செலவிடலாம் என்பது என் துணிபு. காமிரா சில ஆண்டுகளில் பழசாகிவிடும். நல்ல தலை அவ்வளவு விரைவில் பழசாவதில்லை.

மீண்டும் ஏக்லியிடம் வருவோம். 1921இல் அவர் பெல்ஜியத்தின் ஆட்சியில் இருந்த காங்கோவில், விருங்கா எரிமலைகளின் சரிவுக்குச் சென்றார். அருங்காட்சியகத்துக்கு மலைக் கொரில்லாக்கள் வேண்டும். ஒரு கையில் துப்பாக்கி, உடன் தம் காமிரா. இந்த இடத்தில் அவரை வெறும் அருளாளராகக் காட்டுவது நேர்மையாகாது. அவர் கொரில்லாக்களைச் சுட்டார், சுடச் செய்தார். நியூயார்க் மண்டபத்தில் இன்றும் நிற்கும் 5 கொரில்லாக்கள் அந்தப் பயணத்தில் கொல்லப்பட்டவை. கருவிகளையும் முக்காலியையும் சுமந்து செங்குத்தான மலையேறிய ஆப்பிரிக்கச் சுமையாள்களின் பெயர்களோ, நான் படித்த வரலாறுகளில் அரிதாகவே வருகின்றன.

ஆனால் அதே மலையில், மிக்கேனோ சரிவில், அவர் முக்காலியை ஊன்றி, உயிருள்ள கொரில்லாக்களைத் தம் காமிராவில் பதிவு செய்தார். காட்டில் திரியும் மலைக் கொரில்லாக்களைப் படம் பிடித்த முதல் திரைப்படம் அது. நீண்ட படம் அன்று, சில நிமிடங்கள்தாம். நெஞ்சில் அறைந்துகொண்டு மனிதரைக் கிழித்தெறியும் அரக்கன் என்று அக்கால நூல்கள் எழுதிவைத்த விலங்கு, இலை தழைகளுக்கிடையே தன் குடும்பத்தோடு அமைதியாக இருந்தது. வீழ்த்திய கொரில்லா ஒன்றின் முகத்தைப் பார்த்தபோது தாம் ஒரு கொலைகாரர் என்ற உணர்வு தம்முள் எழுந்ததாக அவரே பின்னர் எழுதினார். துப்பாக்கியால் குறிவைப்பவன் அந்த நொடியை மட்டும் பார்க்கிறான். குறி தைத்ததும் பார்ப்பது முடிந்துவிடுகிறது. காமிராவால் தொடர்பவனோ அந்த விலங்கு போகும் திசையெல்லாம் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். துப்பாக்கியைப் போல எளிதாகத் திரும்ப வேண்டும் என்று அவர் செய்த கருவி, துப்பாக்கி காட்டாததை அவருக்குக் காட்டிவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

ஊர் திரும்பியவர், இனி இந்த மலையில் வேட்டை கூடாது, இதைக் காப்பகமாக்க வேண்டும் என்று பெல்ஜியத்தின் ஆட்சியாளர்களிடம் வற்புறுத்தலானார். மன்னர் ஆல்பர்ட் இசைந்தார். 1925ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் ஆல்பர்ட் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. ஆப்பிரிக்காவின் முதல் தேசியப் பூங்கா அதுவே. காங்கோவில் உள்ள அதன் பகுதி இன்று விருங்கா தேசியப் பூங்கா எனப்படுகிறது. அங்கே இன்றளவும் வாழ்கின்றன மலைக் கொரில்லாக்கள்.

1926இல், 62ஆம் வயதில், இரண்டாம் மனைவி மேரியோடு ஏக்லி அதே மலைக்கு மீண்டும் புறப்பட்டார். இம்முறை கொரில்லாவைக் கொல்வதற்கு அன்று. ஐந்து கொரில்லாக்களின் பின்னணியில் தீட்ட வேண்டிய காட்சியை ஓவியரைக் கொண்டு நேரில் வரைந்துவர. வழியிலேயே உடல் நலம் கெட்டது. தூக்கிச் செல்லும் நிலையில் மலையேறினார். நவம்பர் 17ஆம் நாள் மிக்கேனோ மலையருகே, கபாரா என்னும் புல்வெளியில் உயிர் நீத்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். மேரி பயணத்தைக் கைவிடவில்லை. உடன் வந்த ஓவியர் லீ தம் வேலையை முடித்தார்.

ஆப்பிரிக்க மண்டபம் 1936இல் நியூயார்க்கில் திறக்கப்பட்டது. 1959இல் ஜார்ஜ் ஷாலரும் 1967இல் டயன் ஃபாசியும் கொரில்லாக்களைத் துப்பாக்கியின்றிக் கவனிக்கக் கூடாரமிட்டது ஏக்லியின் கல்லறைக்கு அருகில்தான். மண்டபத்தில் அந்த ஐந்து கொரில்லாக்களுக்குப் பின்னால் தீட்டப்பட்டிருக்கும் எரிமலைகளும் மூடுபனியும், அவர் புதைக்கப்பட்ட மலைப்பகுதியின் காட்சியே.